கென்ஷின் இம்பாக்ட்: முதல் வாரத்தில் உங்களை நிறுத்தியது எது? (நீலகிரி, பழனிமலை ஆட்கள் எழுதுங்க)

ஊட்டி வர்க்கி:

நாலு பேர் கூட்டத்தை வெச்சு ஊர் சுத்திச் சண்டை போடுற ஆட்டம், அதுக்கு மேல அறிமுகம் யாருக்கும் தேவையில்லை. நேரா ரூயின் கார்டுங்கிற எதிரிக்கு வரேன். இடிஞ்ச கல் மண்டபம், பின்னாடி பெட்டி மின்னுது, நடுவுல துருப்பிடிச்ச யந்திரம் ஒண்ணு தலை குனிஞ்சு உட்கார்ந்திருக்கு. சிலைன்னு நினைச்சுப் பக்கத்துல போனா அந்த ஒத்தைக் கண்ணு சட்டுனு எரியும் பாருங்க, அந்த அரை விநாடி மறக்கவே மறக்காது. எழுந்து நின்னா தலையை அண்ணாந்துதான் பார்க்கணும். நம்ம முதல் ஆள் டிராவலரோட கத்தியால இருபது வெட்டு வெட்டியும் அதோட உயிர்க்கோடு அசையாது. அது ஒரே மிதி. கதை முடிஞ்சது.

லெவல் பத்தலைன்னுதான் புதுசா வர்றவங்க நினைப்பாங்க. அது பாதிதான் சரி. ரூயின் கார்டுக்கு பிசிக்கல் (வெறும் ஆயுத அடி) தடுப்பு 70 சதவீதம், காத்து, மின்னல், நெருப்பு மாதிரித் தனிமங்களுக்கு 10 சதவீதம்தான். டிஃபன்ஸ் கணக்கைத் தள்ளி வெச்சுப் பார்த்தா, 100 போகவேண்டிய வெறும் வெட்டு 30 ஆகுது. அதே அளவு அனிமோ (காத்து) அடியோ எலெக்ட்ரோ (மின்னல்) அடியோ 90 இறங்குது. இதை ஆட்டம் எங்கேயும் வாயைத் திறந்து சொல்றதில்லை. அதனால முன்னாடி நிக்கவேண்டியது எலெக்ட்ரோ ஆளு லிசா. புத்தகம் மாதிரி கையில வெச்சிருக்கிற கேட்டலிஸ்ட் ஆட்களுக்குச் சாதாரண அடியே தனிம அடிதான், ஸ்கில் (சிறப்பு அடி) திரும்ப வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

தூரத்துல நின்னு வில்லாளி ஆம்பரை வெச்சுக் கண்ணுக்குக் குறி பாருங்க. அடுத்தடுத்து ரெண்டு அம்பு கண்ணுல விழுந்தா அது செயலிழந்து மண்டி போடும், அப்போ ஓடிப்போய் அடிக்கலாம். இடுப்புக்கு மேல பம்பரமாச் சுத்த ஆரம்பிச்சா கிட்ட நிக்காதீங்க. ஏவுகணை விட்டா நேராப் பின்வாங்கினா துரத்திட்டே வரும். பக்கவாட்டுல டேஷ் அடிக்கணும்.

விருப்பாச்சி:

எங்கள் பக்கம் கொடைக்கானலில் டிசம்பர் விடியற்காலையில் புல் மேல் உறைபனி படிந்திருக்கும். குளிர் நமக்குப் புதிதா என்ற நினைப்போடுதான் இங்கே எல்லோரும் ஆட்டத்தின் டிராகன்ஸ்பைன் பனிமலையை ஏறுகிறார்கள். தொடக்க நகரமான மோன்ட்ஸ்டாட்டுக்குத் தெற்கே வெள்ளையாகத் தெரியும் அதே மலைதான், பதிப்பு 1.2இல் வந்தது. பாதிச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும்போது திரையின் ஓரமெல்லாம் வெள்ளை படர்ந்து, குளிரைக் காட்டும் நீலப் பட்டை நிரம்பி, உயிர்க்கோடு தானாகக் குறைய ஆரம்பிக்கும். எதிரி ஒருத்தன்கூடப் பக்கத்தில் இல்லை. கையை விட்டால் விழுந்து சாவு, விடாவிட்டால் குளிரில் சாவு.

ஆளை மாற்றினால் பட்டை குறையும் என்று புதியவர்கள் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். குறையாது, அந்தப் பட்டை நான்கு பேருக்கும் பொது. தண்ணீரில் இறங்கினாலும் பனிப்புயலில் நின்றாலும் இன்னும் வேகமாக நிரம்பும். திறந்துவைத்த டெலிபோர்ட் வேபாயின்ட்டே (சட்டென்று வந்து சேர உதவும் இடம்) அங்கே ஒரு கணப்பு மாதிரி, பக்கத்தில் நின்றால் பட்டை இறங்கும். அணைந்து கிடக்கிற தீப்பந்தத்தை ஆம்பரின் சார்ஜ் அம்பால் பற்றவைக்கலாம். ஒரு நெருப்பிலிருந்து அடுத்த நெருப்பு கண்ணுக்குத் தெரிந்த பிறகே கிளம்பவேண்டும். சிவப்பாக மின்னும் ஸ்கார்லெட் குவார்ட்ஸை உடைத்தால் சில விநாடி தெம்பு கிடைக்கும், அந்தச் சில விநாடிக்குள்தான் பழைய உறைபனிக் கட்டிகளையும் உடைக்க முடியும். அந்தக் கட்டி மேல் பைரோவை (நெருப்பை) கொட்டிப் பயனில்லை.

கூலாஷ் சமைத்துச் சாப்பிட்டால் 900 விநாடிக்குக் குளிர் ஏறும் வேகம் குறையும். பிறகு வார்மிங் பாட்டில். நம் மலைகளில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, அங்கே பாட்டில்தான் உயிர்!

கோத்தகிரிக் கொழுந்து:

எனக்கு நெருடுறது சண்டை இல்லை, அந்த முதல் பத்து விஷ், அதாவது ஆளையும் ஆயுதத்தையும் தர்ற குலுக்கல். வானத்துல எரிகல் பாயும். நீலம்னா 3 ஸ்டார், ஊதான்னா 4, தங்கநிறம்னா 5. நீலமா கிளம்பி ஊதாவா மாறும்போது நெஞ்சு படபடன்னு அடிக்கும். திறந்தா நோயல்ங்கிற 4 ஸ்டார் ஆளு. அப்புறம்தான் தெரியவரும், எல்லாருக்கும் அதே நோயல்தான். புதியவர் பேனர்ல (குலுக்கல் வகை) முதல் பத்துக்குள்ள நோயல் உறுதின்னு விவரப் பக்கத்துலயே எழுதியிருக்கு. அந்தப் பக்கத்தை யாரு படிக்கிறா?

அந்த பேனர்ல மொத்தம் 20 விஷ்தான். பத்துக்கு 8 ஃபேட் (குலுக்கல் சீட்டு) போதும், 2 மிச்சம். அதனால அதை முடிச்சிடலாம். மத்தபடி ஒரு விஷ்ஷுக்கு 160 பிரிமோஜெம் (ஆட்டத்து ரத்தினம்). இனிமே வர்றதுதான் முக்கியம். கேரக்டர் பேனர்ல 5 ஸ்டார் வாய்ப்பு 0.6 சதவீதம், 90ஆவது விஷ்ல கட்டாயம் ஒண்ணு வரும். 74 தாண்டினா வாய்ப்பு வேகமா ஏறும்னு விளையாடுறவங்க எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிச்சிருக்காங்க. ஆனா வர்ற 5 ஸ்டார் நீங்க கேட்ட ஆளா இருக்கணும்னு இல்லை, தோத்தா வேற ஆள். அதுக்கு அடுத்தது உறுதி. ஆக, மோசமான நிலையில 180 விஷ், 28,800 பிரிமோஜெம். தினமும் நாலு கமிஷனும் (சின்ன வேலை) கேத்ரினும் (கில்டு வரவேற்பாளர்) சேர்ந்து தர்றது 60. அதை மட்டும் நம்பினா 480 நாள்!

அதனால இளஞ்சிவப்பு நிற ஃபேட்டை, இன்டர்ட்வைன்டு, ஸ்டாண்டர்டு பேனர்ல போட முடியாதுன்னாலும், பிரிமோஜெம்மை மாத்தும்போது எந்த பேனர் திறந்திருக்குன்னு ரெண்டு தடவை பாருங்க. 5 ஸ்டாருக்கான விஷ் எண்ணிக்கை ஒரு கேரக்டர் ஈவென்ட் பேனர்ல இருந்து அடுத்ததுக்குப் போகும், ஸ்டாண்டர்டுக்குப் போகாது. பொறுமை இல்லாதவங்க புதுக் கணக்கு திறந்து திறந்து நல்ல ஆள் வர்ற வரைக்கும் ரீரோல் பண்ணலாம், அதுதான் புத்திசாலித்தனம்.

கேத்தி ரயில்:

கொழுந்து அக்கா, கணக்கு சரி. கடைசி வரி தப்பு.

விஷ் திறக்கவே அட்வென்ச்சர் ரேங்க் (கணக்கோட நிலை) 5 வேணும். வசனத்தை எல்லாம் தட்டித் தட்டித் தாண்டினாலும் ஒரு கணக்குக்கு அரை மணி நேரம் போகும். ஒவ்வொண்ணுக்கும் புது மின்னஞ்சல். பத்து விஷ்ல ஒரு 5 ஸ்டாராவது வர வாய்ப்பு 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. சராசரியா 17 கணக்கு, அதாவது எட்டரை மணி நேரம் அதே முதல் ஸ்லைமை வெட்டணும். அதுவும் வர்றது யாருன்னு உங்க கையில இல்லை. அந்த நேரத்துல ஒரே கணக்குல நடந்து போனா மோன்ட்ஸ்டாட்டுல பாதி வேபாயின்ட்டைத் திறந்திருக்கலாம், ஒவ்வொண்ணுக்கும் பிரிமோஜெம் உண்டு.

நோயலை ஏன் எல்லாரும் ஏளனமாப் பேசுறீங்க? கவசம் இருக்கும்போது அடிச்சா கூட்டத்துக்கே உயிர் ஏத்துவா. கனமான கிளேமோர் வாள் இருக்கறதால தாதுப் பாறையை ரெண்டு மூணு வீச்சுல உடைச்சிடுவா.

ஊட்டி வர்க்கி அண்ணே சொன்னதுல ஒண்ணு சேர்க்கணும். ரியாக்‌ஷனுக்கு (ரெண்டு தனிமம் மோதுறது) வரிசை முக்கியம். கேயா முதல்ல கிரையோ (பனி) பூசி, மேல ஆம்பர் பைரோ போட்டா அந்த அடி ரெண்டு மடங்கு. ஆம்பர் முன்னாடி, கேயா பின்னாடின்னா ஒன்றரை மடங்குதான். தண்ணியும் நெருப்பும்னா தலைகீழ்: பைரோ மேல ஹைட்ரோ அடிச்சா ரெண்டு, ஹைட்ரோ மேல பைரோ அடிச்சா ஒன்றரை. கடைசியா விழுற அடிக்குத்தான் பெருக்கல். ஸ்கில் எல்லாத்தையும் ஒரே நேரத்துல தட்டிட்டு “ஆம்பர் வேஸ்ட்”னு சொல்றவங்க இந்த வரிசையைப் பார்க்கிறதே இல்லை.

பூம்பாறைப் பூண்டு:

என் பங்குக்குச் சின்ன விஷயம்தான்: பெட்டியைத் தொட்டு இரண்டு விநாடி ஆகியும் அது திறக்காமல் அப்படியே நிற்பது. மேகம் இறங்கினால் எங்கள் ஊரில் தினமும் இதுதான். யாரும் கேட்கவில்லை என்றாலும் மலையில் இருந்து விளையாடுபவர்களுக்குச் சிலது சொல்லிவிடுகிறேன்.

முதலில் சர்வர். ஏசியாவைத் தேர்ந்தெடுங்கள். ஒரு சர்வரில் வளர்த்ததை இன்னொன்றுக்கு மாற்ற முடியாது, எனவே இது திரும்ப வராத முடிவு. ஏசியாவில் அன்றாடக் கணக்கு நம் நேரப்படி இரவு 1:30க்குப் புதுப்பிக்கும். தெரியாமல் ஐரோப்பாவில் சேர்ந்தால் காலை 8:30, அமெரிக்காவில் பிற்பகல் 2:30.

இரண்டாவது இறக்கம். கைபேசியில் 20 ஜிபிக்கு மேல் இடம் கேட்கும். நாளுக்கு 2 ஜிபி டேட்டாவை வைத்துக்கொண்டு இறக்கினால் பத்து நாளைக்கு மேல் ஆகும். கீழே வத்தலக்குண்டு, மேட்டுப்பாளையம் போகும்போது ஃபைபர் இருக்கிற வீட்டில் முடித்துவிட்டு வாருங்கள். குரல் தொகுப்பு சீனம், ஜப்பானியம், கொரியன், ஆங்கிலம் என நான்கு. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அமைப்பில் போய் நீக்கினால் பல ஜிபி மிஞ்சும். தமிழ் எழுத்தும் கிடையாது, குரலும் கிடையாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு, வழக்கமாகப் புதன்கிழமை. பராமரிப்பு நம் நேரப்படி அதிகாலை 3:30 முதல் சுமார் 8:30 வரை. ஓரிரு நாள் முன்னதாகவே முன்னிறக்கம் திறந்துவிடும், அதைத் தவறவிடாதீர்கள்.

மூன்றாவது மின்வெட்டு. டொமைனுக்குள் (சவால் அறை) இருக்கும்போது கரண்ட் போனால், பரிசு வாங்கச் செலவாகும் ரெசின் போய்விட்டதே என்று பதற வேண்டாம். முடிவில் இருக்கும் மரத்தைத் தொட்டுப் பரிசு வாங்கும்போதுதான் ரெசின் கழியும். சண்டைதான் வீண். ரெசின் 8 நிமிடத்துக்கு ஒன்று, கொள்ளளவு 200, நிரம்ப 26 மணி 40 நிமிடம். ஒரு நாள் முழுக்க நெட்வொர்க் இல்லாவிட்டாலும் பெரிதாக இழப்பில்லை. டொமைனுக்கு 20, சாதாரண பாஸுக்கு (பெரிய எதிரி) 40. ரேங்க் 45 வரும் முன்பு ஆர்டிஃபாக்ட் (ஆள் அணியும் பொருள்) டொமைனில் ரெசினைக் கொட்டாதீர்கள். 45க்குப் பிறகுதான் உயர்நிலை டொமைனில் 5 ஸ்டார் துண்டு உறுதியாக விழும். அதுவரை லே லைன், பாஸ், டேலன்ட் புத்தகம்.

நான்காவது சூடு. ஆட்டம் கைபேசியைச் சூடேற்றும், சூடு ஏறினால் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சண்டை நடுவில் தத்தளிக்கும். சமவெளிக்காரர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி, நமக்குக் குளிர் இலவச விசிறி. ஆனால் சில்லிட்டுப் போன கைபேசியை அடுப்படிச் சூட்டுக்குள் கொண்டுவந்து உடனே சார்ஜரில் போடாதீர்கள், திரைக்குள்ளே வியர்க்கும். நிழல் தரத்தைக் குறைத்து, எஃப்.பி.எஸ்ஸை (விநாடிக்கு எத்தனை படம்) 30இல் வைத்தால் ஒரே சீராக ஓடும். 60 போட்டுத் திக்கித் திக்கி ஓடுவதை விட அது மேல்.

இன்னொன்றும் இருக்கிறது. முதல் நாலு பேரையும் சமமாக வளர்க்காதீர்கள். முக்கியமாக அடிப்பவர் ஒருவர், அவர் ஆயுதம், இந்த இரண்டுக்கும் முதலில். லெவல் 20இல் எல்லோரும் முட்டிக்கொண்டு நிற்பார்கள், ரேங்க் 15 வந்தால்தான் அடுத்த படி. அந்தப் படிக்கு ஆம்பருக்கு வேண்டியது ஒரு அக்னிடஸ் சில்லு, 3 ஸ்மால் லாம்ப் கிராஸ், 3 அம்பு முனை, 20,000 மோரா (ஆட்டக் காசு). லாம்ப் கிராஸ் இருட்டில் நீலமாக ஒளிரும், எனவே இரவில் தேடுங்கள்.

ஊட்டி வர்க்கி:

பூண்டு அண்ணே, கேட்டது எது உங்களை நிறுத்துச்சுன்னு. நீங்க ஒரு வரி சொல்லிட்டு முழுப் பாடம் நடத்திட்டீங்க. இருந்தாலும் அந்த 1:30 கணக்கு இத்தனை நாளாப் புரியாம இருந்தது, நன்றி.

கேத்தி தம்பி, வரிசை விஷயம் ரூயின் கார்டுக்கு அவ்வளவா உதவாது. முதல் வாரத்துல கேயா ஸ்கில் திரும்ப வர்றதுக்குள்ள அது ரெண்டு தடவை மிதிச்சிடும்.

கேத்தி ரயில்:

ரூயின் கார்டுக்கு வேண்டாம் அண்ணே, கிரையோ ரெஜிஸ்வைனுக்குப் பாருங்க. அந்தப் பெரிய பனிச்செடி. அதுக்குக் கிரையோ ஒட்டவே ஒட்டாது, அதனால கேயாவை வெளிய உட்கார வைங்க. சில நேரம் வேர்ல, சில நேரம் உச்சிப் பூவுல பளபளன்னு ஒரு கவசம் இருக்கும். அது இருக்கிற வரைக்கும் நீங்க அடிக்கிறது எல்லாம் சுரண்டல்தான். வேர்ல இருந்தா எந்த பைரோ ஆளும் எட்டலாம். பூவுல இருந்தா ஆம்பரோட சார்ஜ் அம்புதான். நாலஞ்சு அம்பு சரியா விழுந்ததும் கவசம் உடைஞ்சு, அந்த மொத்தச் செடியும் தலை தொங்கி சடார்னு தரையில சாயும் பாருங்க. வேஸ்ட்னு ஓரமா வெச்ச ஆம்பர் சாய்ச்சது. சாஞ்சதும் எல்லா பர்ஸ்ட்டையும் (பெரிய அடி) அப்போ கொட்டணும், முன்னாடியே தட்டித் தீர்த்துட்டா அது எழுந்து திரும்பக் கவசம் போட்டுக்கும்.

விருப்பாச்சி:

எழுந்ததும் தலையைச் சுற்றிச் சுற்றி ஒரு பனிக்காற்று விடும். அப்போது பின்னால் ஓடாமல், அது சுற்றும் திசையிலேயே வேரை ஒட்டி ஓடுங்கள்.