போலந்துத் தாத்தாவின் 6 கசற்றுகள்: இங்கே கொண்டுவரலாமா?

முள்ளியவளை றேடியோக்கடை:
வணக்கம். லண்டனில் என் அக்கா பல வருடம் ஒரு முதியவரைப் பராமரித்தார். போலந்துக்காரர். 1940இல் சோவியத் ஆட்கள் ஊரிலிருந்து குடும்பத்தோடு சைபீரியாவுக்கு ஏற்றிவிட்டார்கள். 1942இல் ஜெனரல் அன்டர்ஸின் போலந்துப் படையோடு ஈரானுக்கு வந்து, 1944 மே மாதம் இத்தாலியில் மொன்டே காசினோவில் சண்டை பிடித்தார். போர் முடிந்தபோது அவருடைய ஊர் சோவியத் எல்லைக்குள் போய்விட்டது. வென்ற பக்கத்தில் நின்றும் வீடு போக முடியவில்லை. 1947இல் பிரிட்டன் சட்டம் போட்டு இப்படியானவர்களைக் குடியேற்றியது. மகள் பிறந்தது தகரக் கொட்டில் முகாமில்.

அவர் இப்போது இல்லை. 80களில் மகள் அவரைப் பேசவைத்துப் பதிந்த 6 கசற் இருக்கிறது. கணினிக்கு மாற்ற, ஆவணியில் வரும்போது கொண்டுவரட்டுமா என்று அக்கா கேட்கிறார். ஒரு துண்டை வாட்சப்பில் அனுப்பினார். எனக்குப் போலிஷ் விளங்காது, 'காசினோ' மட்டும் பிடிபட்டது. அதைச் சொன்னபின் கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. அந்த இடத்தை மூன்று தரம் கேட்டேன்.

என் அப்பு கோவலன் கூத்துப் பாடிய கசற் 2009இல் புதுக்குடியிருப்பில் ஒரு பையோடு போனது. இதிலும் பிழை விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

கிளிநொச்சி ஒலிப்பதிவாளர்:
தம்பி, விமானத்தில் ஏற்ற வேண்டாம். பை தொலைந்தால் முடிந்தது. அங்கேயே மாற்றட்டும். முதல் வேலை, கசற்றின் முதுகில் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைப்பது, அப்போதுதான் தவறியும் மேலே பதிவாகாது. உள்ளே நாடாவை அழுத்தும் பஞ்சு விழுந்திருந்தால் நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றவேண்டும். ஒலியைச் சுருக்கும் எம்பி3 வேண்டாம், சுருக்காத வேவ் கோப்பாக 24 பிட்டில் எடுக்கட்டும். இரைச்சலை நீக்குவதென்றால் பிரதியில் செய்யுங்கள். மூலத்தில் அந்த மௌனம் அப்படியே இருக்கட்டும்.

ஈலிங் அக்கா:
லண்டனில் சிகோர்ஸ்கி அருங்காட்சியகம் இருக்கிறது, அந்தப் படையினரின் ஆவணங்கள் அங்கே உண்டு. ஒரு பிரதி கொடுப்பதா என்பதை மகள்தான் முடிவெடுக்கவேண்டும். ஆனால் அதற்கு முன், மகளோடு இருந்து ஊர்ப்பெயர், ஆட்பெயரெல்லாம் எழுதிக்கொள்ள உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள். போலந்துக்காரர் ல்வூவ் என்று சொல்லும் நகரம் இன்றைக்கு உக்ரேனில் ல்விவ். பிறகு கேட்பவருக்கு எந்த ஊர் என்றே தெரியாமல் போகும்.

முள்ளியவளை றேடியோக்கடை:
சரி அண்ணை, நன்றி அக்கா. கசற் அங்கேயே நிற்கட்டும். அக்கா திரும்பும்போது என் கசற் டெக்கைக் கொடுத்துவிடுகிறேன். பெல்ட் மாற்றி, ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்து வைத்திருக்கிறேன். அங்கேயும் 230 வோல்ட்தானே.