அப்டேட்: ஆஸ்பத்திரி சாப்ளின் (நோயாளிகளுக்கு ஆன்மீகத் துணையா இருக்கறவர்) ஆகணும்னு கேட்டிருந்தேனே

போன வருஷம், "ஆர்டினேஷன் (போதகரா அபிஷேகம்) ஆயிடுச்சு, எம்.டிவ் (இறையியல் முதுகலைப் பட்டம்) இருக்கு, அமெரிக்கால சாப்ளின் வேலைக்கு இது போதுமா"ன்னு கேட்டிருந்தேன். போதாதுங்க. பிசிசிஐ (கிரிக்கெட் போர்டு இல்ல, சாப்ளின்களுக்கு சர்டிஃபிகேட் தர்றவங்க பேரும் அதுதான்) 4 யூனிட் சிபிஈ (ஆஸ்பத்திரி மாதிரி இடத்துல நோயாளிகளப் பாத்துக்கிட்டே எடுக்குற பயிற்சி) கேக்குறாங்க, ஒரு யூனிட்டே குறைஞ்சது 400 மணி நேரம், அதுக்கப்புறம் 2000 மணி நேர வேலை அனுபவம், கூடவே சபையோட எண்டார்ஸ்மென்ட் (இந்த வேலைக்கு சபை தர்ற ஒப்புதல்), ஆர்டினேஷன் இருந்தாலும் அது தனியா வாங்கணும்.

எனக்கு 2 யூனிட் முடிஞ்சுது. கஷ்டம் படிப்புல இல்ல, வெர்பேட்டிம்ல. நோயாளிகிட்ட பேசுனத ஞாபகத்துலருந்து வரி வரியா எழுதி குரூப்ல வாசிக்கணும். ஒரு பெரியவர் "நான் வீட்டுக்குப் போக மாட்டேன்னு தோணுது"ன்னாரு, நான் டக்குனு "ஜெபம் பண்ணலாமாய்யா"ன்னு கேட்டிருக்கேன். வாசிச்சதும் சூப்பர்வைசர் கேட்டாங்க, "அப்போ பயம் அவருக்கா, உங்களுக்கா?" பதினோரு வருஷம் பிரசங்கம் பண்ணவன், வாயே தெறக்கல.

இப்பல்லாம் நாற்காலிய இழுத்துப் போட்டு முதல்ல உக்கார்றேன், அவங்களா கேட்டாத்தான் ஜெபம்.

மூணாவது யூனிட் ஜனவரில. நைட் ஆன்-கால்ல நடந்து நடந்து கால் வீங்குது, நர்ஸ் யாராவது இருந்தா நல்ல ஷூ ஒண்ணு சொல்லுங்க.