பித்தநாளப் புற்றுநோய்: மருந்து ஆய்வில் சேர்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். என் அக்காவுக்குப் பித்தநாளப் புற்றுநோய். கல்லீரல் முழுக்கப் பரவிவிட்டதால் அறுவை சிகிச்சைக்கு வழியில்லை. ஜெம்சிடாபின், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துகள், கூடவே நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் டுர்வாலுமாப் என்று எட்டு சுற்று முடிந்தும் போன மாத ஸ்கேனில் கட்டி மறுபடி வளர்ந்திருக்கிறது. பித்தநாள அடைப்பைத் திறக்க ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைத்த பிறகு கண்ணில் மஞ்சள் குறைந்தது, அரிப்பும் நின்றிருந்தது. இப்போது ராத்திரியில் தூக்கத்திலேயே முழங்கையைச் சொறிகிறாள். பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

மரபணுப் பரிசோதனையில் எஃப்ஜிஎஃப்ஆர்2 இணைவு (அந்த மரபணு வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்டிருப்பது) இருப்பதாக வந்திருக்கிறது. 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெமிகாடினிப், 2022-இல் வந்த ஃபுடிபாடினிப் இரண்டும் இதற்கான மாத்திரைகள்தான். மாத்திரையும் தொடங்கலாம், புது மருந்துக்கான ஆய்விலும் சேரலாம் என்கிறார் டாக்டர். எங்கள் குழப்பமே அதுதான். இந்த வகை மருந்தை ஏற்கெனவே எடுத்தவர்களைச் சில ஆய்வுகள் சேர்ப்பதில்லை. சில ஆய்வுகளோ, எடுத்தும் பலன் நின்றுபோனவர்களைத்தான் தேடுகின்றன.

இந்த இடத்தில் நின்றவர்கள் எதை முதலில் எடுத்தீர்கள்? ரத்தத்தில் பிலிருபின் (மஞ்சள் காமாலையைக் காட்டும் நிறமி) கூடியதால் யாரையாவது திருப்பி அனுப்பினார்களா? அப்புறம், ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் எத்தனை நாளுக்கு ஒருமுறை போகவேண்டியிருந்தது? "எதையும் மறைக்காம சொல்லு" என்கிறாள் அக்கா. அதனால் கசப்பான அனுபவமாக இருந்தாலும் எழுதுங்கள். அடுத்த வாரம் டாக்டரிடம் முடிவைச் சொல்லவேண்டும்.