சிங்கப்பூரில் வாங்கும் கைக்கடிகாரத்துக்கு வரியைத் திரும்பப் பெறுவது குறித்து உதவி தேவை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தை ஒட்டி அடுத்த மாதம் பெற்றோரைச் சிங்கப்பூருக்கு அழைத்துச் செல்கிறேன். மரினா பே சாண்ட்ஸ் விடுதியோடு இணைந்த, உள்ளேயே கால்வாய் ஓடும் அந்த வணிக வளாகத்தில் அவருக்கு நல்லதொரு சுவிஸ் கைக்கடிகாரம் வாங்கித் தர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அங்கே 2024 முதல் ஜிஎஸ்டி 9 சதவீதம். சுற்றுலாப் பயணிகள் 100 சிங்கப்பூர் டாலருக்குக் குறையாமல் வாங்கி, இரண்டு மாதங்களுக்குள் பொருளுடன் சாங்கி விமான நிலையம் வழியாகப் புறப்பட்டால், கட்டணம் போக மீதி வரியைத் திரும்பப் பெறலாம் என்று அறிவேன். ஆனால் அப்பா அதை அன்றிரவே கட்டிக்கொண்டு, விமான நிலையம் வரை கழற்றாமலே வந்தால், பயன்படுத்திய பொருள் என்று மறுப்பார்களா? ஊர் திரும்பும்வரை பெட்டியிலேயே வைத்திருங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அண்மையில் சென்றுவந்தவர்கள், சென்னையில் ரசீதைக் காட்டிச் சுங்கத்தீர்வை செலுத்திய அனுபவத்தையும் சேர்த்து எழுதினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.