சுரங்க விரிவாக்கம்: முத்தரப்புக் கூட்டத்துக்குப் போகும் முன் ஊர் என்ன தயார் செய்ய வேண்டும்?

ஏர்முனை (கேள்வி):

வணக்கம். 2023 ஜூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில், என்.எல்.சி. நிலக்கரி நிறுவனத்தின் கால்வாய்க்காக விளைந்து நின்ற நெல்லுக்குள் பொக்லைன் இறங்கியது, அதே வாரம் நெய்வேலியில் போராட்டம் கலவரமாக முடிந்தது எல்லாருக்கும் தெரியும். யார் பக்கம் நியாயம் என்று இங்கே ஏற்கெனவே நிறைய விவாதித்தாகிவிட்டது. நான் கேட்பது நடைமுறை.

நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய சில ஊர்க்காரர்கள் சேர்ந்து, கோட்டாட்சியர் கூட்டும் முத்தரப்புக் கூட்டத்துக்கு (அரசு, நிறுவனம், ஊர்) ஒரு மனு தயாரிக்கிறார்கள். நில விலை, வேலை, கிணற்றில் இறங்கும் தண்ணீர், ஒப்பந்தத் தொழிலாளர் நிரந்தரம், கனிம நிதி (சுரங்கம் பாதித்த ஊர்களுக்கான மாவட்ட நிதி), கோயில், சுடுகாடு என்று எல்லாம் ஒரே மனுவில் இருக்கிறது. இப்படிப்பட்ட கூட்டங்கள் "பரிசீலிக்கப்படும்" என்ற ஒரு வார்த்தையோடு முடிந்துவிடுகின்றன. மனுவை எப்படி அமைத்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற நிலை வரும்? பட்டா இல்லாத கூலிக்காரர், குத்தகைக்காரர் பெயரை எப்படி உள்ளே கொண்டுவருவது? ஒடிசாவின் நியம்கிரி மலையில் சுரங்கத்தைத் தடுத்தது போல கிராம சபைத் தீர்மானம் போட்டால் நிற்குமா?

புலப்படம்:

முதல் வேலை அந்த மனுவை உடைப்பது. கோட்டாட்சியரால் நில விலையைப் பற்றிப் பேச முடியும், ஒப்பந்தத் தொழிலாளரை நிரந்தரமாக்க முடியாது. நிறுவன அதிகாரியால் வேலை பற்றிப் பேச முடியும், கனிம நிதியை அவர் தொட முடியாது. யாராலும் முழுதாகப் பதில் சொல்ல முடியாத மனுவுக்கு "பரிசீலிக்கப்படும்" என்றுதான் பதில் வரும். நிலம், தண்ணீர், வேலை, நிதி என நான்கு தனி மனு. ஒவ்வொன்றிலும் முகவரி அந்த அதிகாரம் உள்ளவருக்கு, நகல் மற்றவர்களுக்கு.

நிலத்தைப் பொறுத்தவரை, எந்தச் சட்டத்தில் எடுக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். 2013 மத்திய நிலமெடுப்புச் சட்டத்தில் சமூகத் தாக்க மதிப்பீடு இருக்கிறது, தனியார் திட்டத்துக்கு 80 சதவீதம், அரசு-தனியார் கூட்டுத் திட்டத்துக்கு 70 சதவீதம் பேரின் ஒப்புதல் இருக்கிறது என்று மேடையில் சொல்வார்கள். தமிழ்நாட்டில் தொழில் நோக்கத்துக்கான நிலம் பெரும்பாலும் மாநிலத்தின் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தில் எடுக்கப்படுகிறது. 2013 சட்டத்தில் 105-அ என்ற பிரிவைச் சேர்த்து, மாநிலம் அதற்கு விலக்கு வாங்கியது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விலக்கு செல்லாது என்றது. மாநிலம் உடனே மீட்புச் சட்டம் கொண்டுவந்தது, 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஆக, இங்கே தாக்க மதிப்பீடும் ஒப்புதலும் கிடையாது. ஆனால் இழப்பீடு, மறுவாழ்வு, மறுகுடியமர்வு பற்றிய 2013 சட்டத்தின் முதல் மூன்று அட்டவணைகள் பொருந்தும். உங்கள் மனு நிற்க வேண்டிய இடம் அந்த அட்டவணைகள்தான். இல்லாத ஒப்புதல் உரிமையைக் கேட்டு ஒரு கூட்டத்தை வீணாக்க வேண்டாம்.

இன்னொரு நுணுக்கம். 2023இல் பிரச்சினையான நிலங்கள் 2006க்கும் 2013க்கும் இடையே எடுக்கப்பட்டவை. காகிதத்தில் உரிமை மாறி, பத்து வருடம் உழவர் கையிலேயே இருந்து, பிறகு கால்வாய் வெட்ட ஆள் வந்தது. நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்டது, ஆவணம் பழைய விலையிலேயே நிற்கிறது. அதற்குமேல் கிடைப்பது கருணைத் தொகை மட்டுமே, சட்ட உரிமை அல்ல. அந்த மோதலுக்கு நான் காண்கிற மூல காரணம் இந்த இடைவெளிதான். நிற்கும் பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. அறுவடை முடித்து செப்டம்பர் 15க்குள் நிலத்தை ஒப்படைக்கவும் சொன்னது. அறுவடைத் தேதியை முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்திருந்தால் அந்த வழக்கே வந்திருக்காது. எனவே புதிதாக எடுக்கும் எந்த நிலத்துக்கும் மனுவில் ஒரு வரி கட்டாயம்: "பணம் கொடுத்த நாளிலிருந்து இத்தனை மாதத்துக்குள் கைப்பற்றாவிட்டால் விலை மறுநிர்ணயம். கைப்பற்றுவது அறுவடைக்குப் பிறகே. 60 நாள் முன் எழுத்து அறிவிப்பு." சட்டம் இதைத் தராது. ஒப்பந்தத்தில் கேட்டு வாங்க வேண்டும். நிலம் கைவிட்டுப் போவதற்கு முன்புதான் ஊருக்குப் பலம், அதன் பிறகு கேட்பதெல்லாம் வேண்டுகோள்.

பணம் சிக்குவது பெரும்பாலும் பட்டாவில். தாத்தா பெயரில் பட்டா, நான்கு வாரிசு, இருவர் வெளியூர் என்றால் தொகை நீதிமன்ற வைப்புக்குப் போய்விடும். அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் வாரிசுச் சான்று, பட்டா மாற்றம், கூட்டுப் பட்டாவில் உட்பிரிவு, 30 வருட வில்லங்கச் சான்று, புலப்பட வரைபடம் எல்லாவற்றையும் இப்போதே எடுங்கள். கிணறு, மோட்டார் கொட்டகை, மரங்களைத் தேதி தெரியும் புகைப்படத்தோடு பட்டியலிடுங்கள். கட்டடத்தைப் பொதுப்பணித் துறையும், பழ மரங்களைத் தோட்டக்கலைத் துறையும் மதிப்பிடுவார்கள். அதிகாரிகள் உங்களோடு சேர்ந்து நிலத்தை அளக்கும் கூட்டு அளவையின்போது அந்தப் பட்டியலைக் கையில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

பட்டா இல்லாதவர்கள்: பாதிக்கப்பட்ட குடும்பம் என்ற வரையறையில் நிலம் எடுப்பதற்கு முன் மூன்று வருடம் அங்கே வேலை செய்த விவசாயக் கூலி, குத்தகைதாரர், வாரதாரர் (விளைச்சலில் பங்குக்கு உழுபவர்) வருகிறார்கள். நிரூபணம்தான் சிக்கல். நூறு நாள் வேலை அட்டை, குடும்ப அட்டை முகவரி, கூட்டுறவுக் கடன், பயிர்க் காப்பீடு, அடங்கலில் (கிராமச் சாகுபடிப் பதிவேடு) சாகுபடியாளர் பெயர், குத்தகைப் பதிவு ஆகியவற்றில் ஏதேனும் இரண்டு இருந்தால் வலு. அடங்கலில் உழுபவர் பெயருக்குப் பதில் உரிமையாளர் பெயரே வருவது வழக்கம். கிராம நிர்வாக அலுவலரிடம் இந்தப் பருவத்திலேயே திருத்தக் கேளுங்கள்.

இரண்டாம் ஷிப்ட்:

வேலைப் பகுதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மனுவில் "வீட்டுக்கொரு வேலை" என்று எழுதாதீர்கள் தோழர். நிரந்தரப் பணி, ஒப்பந்தப் பணி, தொழிற்பழகுநர், தேர்வில் கூடுதல் மதிப்பெண் நான்கும் "வேலை" என்றுதான் அறிக்கையில் வரும். 2013 சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொல்வது மூன்றில் ஒன்று: பயிற்சி கொடுத்து, குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத வேலை குடும்பத்தில் ஒருவருக்கு. அல்லது ஒரே தடவையாக 5 லட்சம். அல்லது மாதம் 2,000 ரூபாய் 20 வருடம், விவசாயத் தொழிலாளர் விலைவாசிக் குறியீட்டோடு உயரும். தேர்வு குடும்பத்துடையது. எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைக் குடும்பவாரியாகப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத் தொழிலாளர் நிரந்தரத்தை நில மனுவிலிருந்து பிரித்தே ஆக வேண்டும். 2023 ஜூலை கடைசியில் நில மோதலும் ஒப்பந்தத் தொழிலாளர் வேலைநிறுத்தமும் ஒரே வாரத்தில் வந்தன, இரண்டும் வேறு வேறு மேசை. சுரங்கத் தொழிலாளர் விவகாரத்தில் அதிகாரம் உள்ள அரசு (சட்டத்தில் "உரிய அரசு") மத்திய அரசு. மாநிலத் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்த மனு மாதக்கணக்கில் தூங்கி, "அதிகார வரம்பில்லை" என்று திரும்பும். மத்திய தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். 2001இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டாலே தொழிலாளர் தானாக நிரந்தரமாகிவிடுவதில்லை. ஒப்பந்தம் பெயரளவுக்கானது, வேலை வாங்கியதும் கண்காணித்ததும் நிறுவனமே என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு வருகைச் சீட்டு, நுழைவு அட்டை, வேலை உத்தரவு, நிறுவன மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட தாள், சேமநிதிக் கணக்கு எல்லாம் வேண்டும். ஒப்பந்ததாரர் மாறும்போது பழைய நுழைவு அட்டையைத் திருப்பி வாங்குவார்கள், அதற்கு முன் இருபக்கமும் படமெடுத்து வையுங்கள்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறையில் உள்ளன. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு. சமரசப் பேச்சு நடக்கும்போதும், முடிந்து 7 நாள் வரையும் நிறுத்த முடியாது. பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் விடுப்பு எடுத்தாலும் வேலைநிறுத்தமாகவே கணக்காகும். இது தெரியாமல் ஊர்க் கூட்டத்தில் "நாளை முதல் யாரும் போகாதீர்கள்" என்று அறிவிப்பது தொழிலாளியைத்தான் சிக்க வைக்கும்.

நிலம் கொடுத்தவரும் ஒப்பந்தத் தொழிலாளரும் ஒரே பணியிடத்துக்குப் போட்டி போடும்படி விடாதீர்கள். மனு கொடுக்கும் முன் இரு தரப்பும் உட்கார்ந்து, எத்தனை இடம் யாருக்கு என்று தங்களுக்குள் எழுதிக்கொள்வது நல்லது. தென்னாப்பிரிக்காவில் மரிக்கானா பிளாட்டினம் சுரங்கத்தில் 2012 ஆகஸ்ட் 16 அன்று போலீஸ் சுட்டு 34 தொழிலாளர் இறந்தார்கள். கோரிக்கை மாதம் 12,500 ராண்ட் ஊதியம். பிறகு விசாரணை ஆணையம் தோண்டியபோது, நிறுவனம் உரிமத்தோடு தந்த சமூகத் திட்டத்தில் 5,500 வீடு வாக்களித்து 3 மாதிரி வீடு மட்டுமே கட்டியிருந்தது தெரிந்தது. வாக்குறுதி எழுத்தில்தான் இருந்தது. நிறைவேறியதா என்று ஆண்டுதோறும் எண்ணிப் பார்க்க வேண்டிய அரசு எண்ணவில்லை. கூலிக் கோபமும் குடிசைக் கோபமும் அங்கே ஒரே ஆளுக்குள் இருந்தன.

நீர்மட்டம்:

தண்ணீர் விஷயத்தில் ஊர்கள் தோற்பது ஒரே காரணத்தால்: சுரங்கம் வருவதற்கு முன் கிணறு எப்படி இருந்தது என்று காட்ட எண் இருக்காது.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தமுள்ள ஆர்ட்டீசியன் நீர்த்தாங்கி இருக்கிறது. மேல்நோக்கிய அழுத்தம் சதுர செ.மீ.க்கு 6 முதல் 8 கிலோ. இரவு பகலாக இறைத்து அதைக் குறைக்காவிட்டால் சுரங்கத் தரை வெடித்துவிடும். ஆகவே இறைப்பதை நிறுத்து என்று கேட்பதில் பயனில்லை. இறைக்கும் அளவு, போகுமிடம், மேல் கிணறுகளில் விளைவு என்ன என்ற கணக்கைக் கேளுங்கள். திறந்த கிணறு தொடுவது மேல் அடுக்கை, ஆழ்துளை தொடுவது கீழ் அடுக்கை. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டால் நிறுவன நிபுணர் அரை மணியில் உடைத்துவிடுவார்.

ஊருக்குப் பத்துப் பன்னிரண்டு கிணறு தேர்ந்தெடுங்கள், இரண்டு வகையும் கலந்து. கிணற்று விளிம்பில் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்தே எப்போதும் நாடாவை இறக்குங்கள். மோட்டார் நின்று குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து அளவெடுங்கள். மே மாதமும் ஜனவரியும் கட்டாயம், முடிந்தால் மாதந்தோறும். தாக்கம் எட்டாத தொலைவில் அதே வகை மண்ணில் இரண்டு ஒப்பீட்டுக் கிணறும் வேண்டும். "மழை குறைவு, உங்கள் ஆழ்துளைகள் அதிகம்" என்ற வாதத்துக்கு அந்த இரண்டும் தாலுகா மழைமானிப் பதிவும்தான் பதில்.

தரத்துக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகம். குடிநீர்த் தர நிர்ணயத்தில் மொத்தக் கரைதிண்மம் லிட்டருக்கு 500 மி.கி., வேறு ஆதாரம் இல்லாவிட்டால் 2,000 வரை. ஃபுளூரைடு 1, உச்சம் 1.5. பாதரசம் 0.001. பாதரச மாதிரியைச் சாதாரணத் தண்ணீர்ப் பாட்டிலில் எடுத்தால் சுவரில் ஒட்டி அளவு குறைவாக வரும். ஆய்வகம் தரும் அமிலம் சேர்த்த கண்ணாடிப் புட்டியில் எடுங்கள், மாதிரி எடுக்கும்போது ஊராட்சித் தலைவர் கையெழுத்து இருக்கட்டும்.

சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற ஒவ்வொரு சுரங்கமும் ஜூன் 1, டிசம்பர் 1 என வருடம் இருமுறை நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தர வேண்டும். கடைசி நான்கு அறிக்கைகளை எடுத்து, நிலத்தடி நீர் பற்றிய வரியை மட்டும் உங்கள் அளவோடு பக்கத்தில் வையுங்கள். மனுவின் இணைப்பு அதுவாக இருந்தால் பேச்சின் தொனியே மாறும்.

ஏர்முனை:

மிக்க நன்றி. கிராம சபையும் கனிம நிதியும் மட்டும் பாக்கி.

புலப்படம்:

நியம்கிரியை இங்கே நேரடியாகப் பொருத்த முடியாது ஐயா. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த மலையைக் கிராம சபைகளின் முடிவுக்கு விட்டது வன உரிமைச் சட்டத்தின் அடிப்படையில். பன்னிரண்டு கிராம சபைகளும் மறுத்தன. கடலூர் மாவட்டப் பட்டா நிலத்துக்கு அந்தப் பிடி இல்லை. ஆனாலும் தீர்மானத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானதற்கு ஊர்களின் எதிர்ப்பும் 2024 டிசம்பர் சட்டமன்றத் தீர்மானமும் சேர்ந்து தந்த அழுத்தமே காரணம். தீர்மானத்தில் "எதிர்க்கிறோம்" என்பதோடு, கிணறு எண்ணிக்கை, கூலிக் குடும்பங்களின் பட்டியல், பொதுச் சொத்துகளின் புல எண் ஆகியவற்றையும் எழுதுங்கள். பின்னால் அதுவே ஆவணம்.

ஊராட்சிக் கணக்கு:

கனிம நிதி: சுரங்க, கனிமச் சட்டத்தின் 2015 திருத்தத்தின்படி, 2015 ஜனவரி 12க்கு முந்தைய சுரங்கக் குத்தகை என்றால் அரசுக்குச் செலுத்தும் உரிமத்தொகையில் 30 சதவீதம் கூடுதலாக மாவட்ட கனிம அறக்கட்டளைக்கு வர வேண்டும், ஏலத்தில் எடுத்தது என்றால் 10 சதவீதம். ஆட்சியர்தான் தலைவர். 2024 வழிகாட்டுதல்படி சுரங்கத்திலிருந்து 15 கி.மீ. வரை நேரடிப் பாதிப்புப் பகுதி, 25 கி.மீ. வரை மறைமுகம். 70 சதவீதம் குடிநீர், மருத்துவம், கல்வி, சுற்றுச்சூழல் போன்றவற்றுக்கு. நடைமுறையில் சாலையும் கட்டடமும் முதலில் போய்விடும், ஏனென்றால் அவற்றுக்கு மதிப்பீடு தயாராக இருக்கும். நீங்களும் மதிப்பீட்டோடு போங்கள்: மேல்நிலைத் தொட்டி எத்தனை ஆயிரம் லிட்டர், குழாய் எத்தனை மீட்டர், புல எண் எது, பொறியாளர் கையெழுத்து. ஆண்டுத் திட்டம் ஆட்சியரிடம் முடிவாகும் முன் வரும் கிராம சபையில் வைத்து நிறைவேற்றுங்கள்.

கூட்ட நடவடிக்கைக் குறிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து கட்டம் போட்ட தாளை முன்கூட்டியே அச்சடித்து எடுத்துப் போங்கள்: கோரிக்கை, பதில், பொறுப்பு அதிகாரியின் பதவி, முடிக்கும் தேதி, முடியாவிட்டால் யாரிடம் போவது. "பரிசீலிக்கப்படும்" என்று சொன்னால் தேதிக் கட்டத்தை நிரப்பக் கேளுங்கள். கலையும் முன் மூன்று தரப்பும் கையெழுத்திட்டு, அங்கேயே நகல் எடுங்கள். குறிப்பு பிறகு வரும் என்று விட்டால் பேசிய கோரிக்கையில் பாதி அதில் இருக்காது. கையெழுத்திட மறுத்தால், பேசியதை அன்று மாலையே பதிவுத் தபாலில் மூவருக்கும் அனுப்பி, ஏழு நாளில் மறுப்பு இருந்தால் எழுத்தில் தரும்படி கேளுங்கள்.