பின் சக்கர ரிம் அடிக்கடி நெளிகிறது: கார்பனுக்கு மாறலாமா, அலாயிலேயே இருக்கலாமா?

மலைமேடு:
வணக்கம். என்னுடையது 29 இஞ்ச் மவுன்டன் பைக். பின்னால் அலாய் (அலுமினியக் கலவை) ரிம், உள் அகலம் 30 மி.மீ., டயர் 2.4 இஞ்ச், ட்யூப்லெஸ். கல்லும் வேருமாக இருக்கும் இறக்கங்களில்தான் அதிகம் ஓட்டுவேன். இப்போது பின் ரிம்மின் ஓரம் இரண்டு இடத்தில் உள்பக்கமாக மடங்கிவிட்டது. நிமிர்த்தியாகிவிட்டது, ஆனால் அந்த இடத்தில் காற்று மெதுவாகக் கசிகிறது. கம்பிகளை இறுக்கித் தளர்த்திக் கோட்டம் எடுத்தாலும் கொஞ்ச நாளில் மறுபடியும் ஆட்டம் வந்துவிடுகிறது. கூட ஓட்டுபவர்கள் "கார்பன் ஃபைபர் ரிம் போடு, தொல்லை விட்டது" என்கிறார்கள். எடையும் குறையுமாம். உண்மையிலேயே தீருமா? பை, ஹெல்மெட் எல்லாம் சேர்த்து நான் 85 கிலோ.

ஆரக்கால்:
பதில் சொல்வதற்கு முன் சில கேள்விகள். பின்னால் காற்று எவ்வளவு வைக்கிறீர்கள்? கேஜ் வைத்துப் பார்ப்பீர்களா, கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதோடு சரியா? டயர் லேசான வகையா, பக்கச்சுவர் தடித்த வகையா? உள்ளே இன்சர்ட் (ரிம்மைக் காக்க டயருக்குள் வைக்கும் நுரை வளையம்) இருக்கிறதா?

மலைமேடு:
டிஜிட்டல் கேஜில் 19 பிஎஸ்ஐ. டயர் லேசானதுதான். இன்சர்ட் இல்லை. வேர் நிறைந்த ஏற்றத்தில் பின் சக்கரம் வழுக்காமல் ஏறுகிறது என்பதால் குறைவாக வைத்துப் பழக்கம்.

ஆரக்கால்:
அப்படியென்றால் ரிம் மீது தப்பு இல்லை. 85 கிலோவுக்கு, மெல்லிய டயரில், கல் பாதையில் பின்னால் 19 போதவே போதாது. டயர் முழுக்க அமுங்கி, கல் நேராக ரிம் ஓரத்தில் இடிக்கிறது. அலாய் அந்த இடியை நெளிந்து வாங்கிக்கொள்கிறது. கார்பன் நெளியாது. ஒன்று, எதுவுமே நடக்காதது போல இருக்கும். இல்லாவிட்டால் விரிசல் விடும். நடுவில் வேறு நிலை கிடையாது. நெளிந்த அலாயைப் பாதை ஓரத்திலேயே ஓரளவு நிமிர்த்தி, காற்றடித்து வீடு வந்து சேரலாம். விரிசல் விட்ட கார்பனோடு தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும்.

பின்னால் 25, 26-இல் ஆரம்பியுங்கள். ஒவ்வொரு பிஎஸ்ஐ ஆகக் குறைத்துக்கொண்டே வந்து, ரிம்மில் 'டங்'கென்று கேட்க ஆரம்பித்ததும் இரண்டு கூட்டி அங்கேயே நிறுத்திவிடுங்கள். முன்னால் அதைவிட இரண்டு, மூன்று குறைவாக இருக்கலாம்.

அப்புறம் அந்த ஆட்டம். மடங்கிய ரிம்மை நேராகச் சுற்ற வைக்க அந்த இடத்தில் ஒரு பக்கக் கம்பிகளை அளவுக்கு மீறி இறுக்கி, எதிர்ப்பக்கத்தைத் தளர்த்தியிருப்பார்கள். பார்வைக்கு நேராக ஓடும். ஆனால் தளர்ந்த கம்பியின் நிப்பிள் (கம்பியை ரிம்மோடு இறுக்கும் சின்ன நட்) அதிர்வில் தானாகவே கழன்றுகொண்டு வரும். பின் சக்கரத்தில் செயின் பக்கக் கம்பிகளின் இழுவை பொதுவாக 100 முதல் 120 கிலோ விசைக்குள், ஒன்றுக்கொன்று அதிக வித்தியாசம் இல்லாமல் இருக்க வேண்டும். கம்பியின் இழுவையை அளக்கும் டென்ஷன் மீட்டர் வைத்துப் பாருங்கள், குறிப்பிட்ட அந்த நான்கைந்து கம்பிகள் மட்டும் தாறுமாறாகக் காட்டும் என்று நினைக்கிறேன். அப்படிக் காட்டினால் அந்த ரிம்மின் காலம் முடிந்தது, மேலும் மேலும் கோட்டம் எடுத்துப் பயனில்லை.

கரும்பட்டை:
ஆரக்கால் அண்ணன் சொல்வதில் காற்று விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் கார்பன் என்றாலே கண்ணாடி மாதிரி என்று பயமுறுத்துவதை ஒத்துக்கொள்ள மாட்டேன். இப்போது வரும் ரிம்களில் ஓரம் தடிமனாக, மழுங்கலாக இருக்கிறது. இடி ஒரே கோட்டில் விழாமல் பரவுவதால் டயர் வெட்டுப்படுவதும் குறைகிறது. முக்கியமாக, கோட்டம் என்ற பேச்சே அநேகமாகக் கிடையாது. உடையாத வரை நேராகவே இருக்கும். சாய்வான பாறையில் குறுக்கே போகும்போது கைப்பிடி சொன்ன இடத்துக்குச் சக்கரம் போகும். முதல் உரிமையாளருக்கு ஆயுள் முழுக்க மாற்றித் தரும் நிறுவனங்களும் உண்டு. அந்த வாரன்டி இல்லாத கார்பனை, அதிலும் பழையதை, நான் தொடமாட்டேன். பழையதை வாங்கியே தீருவேன் என்றால் கம்பித் துளைகளை மூடும் டேப்பைப் பிரித்து உள்பக்கமும் பாருங்கள். கம்பித் துளை வழியாக சீலன்ட் (டயருக்குள் ஊற்றும் கசிவடைப்புத் திரவம்) கசிந்த தடம் இருந்தால் டேப் கிழிந்ததாலும் இருக்கலாம், விரிசலாகவும் இருக்கலாம்.

இறக்கவிரும்பி:
எடைக் கணக்கை யாரும் போடவில்லையே. இந்த வகை ஓட்டத்துக்கான ரிம்களில் அலாயிலிருந்து கார்பனுக்கு மாறினால் ஜோடிக்கு 200, 300 கிராம் குறையும். ரிம் சுற்றுகிற பொருள் என்பதால் வேகமெடுக்கும்போது அதன் எடை ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கணக்காகும். சரி, 600 கிராம் என்றே வைப்போம். நீங்களும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ. ஆக 0.6 சதவீதம். இதில் இன்சர்ட் போட்டால் மிச்சம் பிடித்ததில் பாதிக்கு மேல் திரும்ப ஏறிவிடும். ஏற்றத்தில் வித்தியாசம் தெரிய வேண்டுமானால் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைப் பாருங்கள். 36 இடத்தில் கவ்வும் ஹப்பில் பெடல் 10 டிகிரி வரை வெறுமனே சுற்றும். 72 என்றால் 5 டிகிரி. பாறை ஏறும்போது இது காலில் உடனே தெரியும்.

2014-இல் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் நடந்த உலகக் கோப்பை டவுன்ஹில் (மலை இறக்கப் பந்தயம்) ஓட்டத்தில் அமெரிக்க வீரர் ஏரன் க்வின் பின் டயர் போன பிறகு வெறும் ரிம்மிலேயே கீழே வரை வந்ததைப் பார்த்திருப்பீர்கள். அது அலாய் ரிம். அதை வைத்து அலாய்தான் உசத்தி என்று வாதாட வரவில்லை, பார்க்க அவ்வளவு ரசமாக இருக்கும் என்பதால் சொன்னேன்.

கை வலி இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விறைப்பான கார்பன் ரிம் முன்னால் இருந்தால் நீண்ட கல் இறக்கத்தில் உள்ளங்கை மரத்துப்போகும். எல்லா கார்பனும் அப்படி இல்லை, உயரம் குறைந்த ரிம்கள் கொஞ்சம் இளகிக் கொடுக்கும்.

மலைமேடு:
மீட்டர் வைத்துப் பார்த்தேன். மடங்கிய இடத்தில் அடுத்தடுத்த கம்பிகள் ஒன்று 130, ஒன்று 60 என்று காட்டுகிறது. ரிம்மை மாற்றிவிடுகிறேன். பின்னால் அலாய், தடித்த டயர், இன்சர்ட். முன் சக்கரம் நன்றாக இருப்பதால் கைவைக்கவில்லை. ஹப் நன்றாகச் சுற்றுகிறது, 32 கம்பித் துளை. அதே ஹப், அதே கம்பிகளோடு புது ரிம்மை மட்டும் மாற்ற முடியுமா?

ஆரக்கால்:
முடியும். 32 துளை ரிம்மாகப் பாருங்கள், இஆர்டி (கம்பியின் நீளத்தைத் தீர்மானிக்கும் ரிம் விட்டம்) அளவு பழையதோடு ஒன்றிரண்டு மி.மீ.க்குள் ஒத்துப்போக வேண்டும். டயர் அளவு ஒன்றாக இருந்தாலும் ரிம்முக்கு ரிம் இது மாறும், அதனால் விவர அட்டையைப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஒத்துப்போகாவிட்டால் கம்பியும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். ஒத்துப்போனாலும் அந்த 130 காட்டிய கம்பிகளை மாற்றிவிடுங்கள், நிப்பிள் மொத்தமும் புதிது, பித்தளையில். முதல் சில ஓட்டத்துக்குப் பிறகு கம்பிகள் கொஞ்சம் இளகும், அப்போது ஒருமுறை மீட்டர் வைத்து இறுக்குங்கள்.