குடிநீர் சம்ப்பில் எலுமிச்சைப்புல் எண்ணெய் ஊற்றினால் டெங்குக் கொசு ஒழியுமா?

கேள்வி: அடுக்ககச் செயலாளர், சென்னை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அடுக்ககத்தில் 12,000 லிட்டர் கொள்ளும் சம்ப்பும் (நிலத்தடி நீர்த்தொட்டி) மொட்டைமாடியில் இரண்டு தொட்டிகளும் உள்ளன. எலுமிச்சைப்புல், சிட்ரோனெல்லா, கிராம்பு எண்ணெய்களைக் கலந்து தயாரித்த மருந்தை மாதம் 100 மில்லி வீதம் சம்ப்பில் ஊற்றினால் டெங்குக் கொசு அறவே உருவாகாது என்று விற்பனையாளர் ஒருவர் கூறுகிறார். கொசுப்புழுவைக் கொல்ல மாநகராட்சிப் பணியாளர்கள் இடும் அபேட் மருந்தை விரும்பாத குடியிருப்போர் சிலர், மூலிகை என்பதால் இதையே வாங்கலாம் என்கின்றனர். இது பயன்தருமா, அந்த நீரைக் குடிக்கலாமா, குழந்தைகளின் கைகால்களில் இதே எண்ணெயைத் தடவலாமா என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: பூச்சியியல் ஆய்வாளர்

ஐயா, இந்த எண்ணெய்கள் கொசுப்புழுவைக் கொல்லும் என்பதில் பொய்யில்லை. அவர் சொல்லும் அளவில்தான் கோளாறு இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த புழுக்களைச் சிறு கிண்ணங்களில் விட்டு, எண்ணெயை வெவ்வேறு அளவுகளில் கலந்து, 24 மணி நேரத்தில் எந்த அளவு பாதிப் புழுக்களைக் கொல்கிறது என்று கணக்கிடுவார்கள். அது லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தாலே நல்ல எண்ணெய் என்று பலர் எழுதுகின்றனர். உங்கள் மருந்துக்கு 50 மில்லிகிராமே போதும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், 12,000 லிட்டருக்கு 600 கிராம் தேவைப்படும். அப்போதும் பாதிப் புழுக்கள் பிழைத்துக்கொள்ளும். 100 மில்லி ஊற்றினால் லிட்டருக்கு 8 மில்லிகிராம்கூடச் சேராது. அபேட் என்று நாம் அழைக்கும் டெமிபாஸ் லிட்டருக்கு 1 மில்லிகிராமிலேயே வேலை செய்கிறது. அந்த அளவைத் தாண்டாமல் குடிநீர்க் கலன்களில் இடுவதற்கு உலக சுகாதார நிறுவனமும் இடமளித்திருக்கிறது.

இவை ஆவியாகும் எண்ணெய்கள் என்பது அடுத்த சிக்கல். மணம் மூக்குக்கு எட்டுகிறது என்றால் எண்ணெய் நீரை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கிறது என்றே பொருள். போதாதற்கு, சம்ப்பில் நாள்தோறும் நீர் இறைக்கப்பட்டு மீண்டும் நிரம்புவதால் எஞ்சியதும் நீர்த்துப்போகும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு முட்டையிலிருந்து சிறகு முளைத்து வெளிவர நம் ஊர் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாள்களே ஆகும் என்பதால், இரண்டு முறை மருந்து ஊற்றுவதற்கு இடையில் மூன்று கூட்டங்கள் பறந்துவிடும். குடிப்பதைப் பொறுத்தவரை, கிராம்பு சமையலறைப் பொருள்தான். ஆனால் 600 கிராம் எண்ணெயும், அதை நீரோடு கலக்கச் செய்யும் சேர்மானமும் கலந்த தண்ணீரை நான் என் வீட்டில் அனுமதிக்க மாட்டேன்.

மறுமொழி 2: குழந்தைநலச் செவிலியர்

தோலில் தடவுவது பற்றி மட்டும் கூறுகிறேன். செறிவான எண்ணெயை அப்படியே தடவினால் எரிச்சலும் தடிப்பும் உண்டாகக்கூடும். நீர்க்கச்செய்து தடவினாலும் பாதுகாப்பு நெடுநேரம் நிற்பதில்லை. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 2002இல் வெளியான ஒப்பீட்டில், சிட்ரோனெல்லா அடங்கிய பூச்சுகள் சராசரியாக 20 நிமிடம்கூடத் தாங்கவில்லை, 23.8 சதவீத டீட் என்ற செயற்கைக் கொசுவிரட்டி ஐந்து மணி நேரம் தாங்கியது. டெங்குக் கொசு பகலில் கடிப்பது என்பதால், காலையில் தடவிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பினால் முதல் வகுப்பு முடிவதற்குள் அதன் காவல் தீர்ந்துவிடும். எலுமிச்சை மணமுள்ள தைலமரத்திலிருந்து கிடைக்கும் பி.எம்.டி. என்ற பொருள் இவற்றில் விதிவிலக்கு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே அதைப் பரிந்துரைக்கிறது. ஆயினும் அது அம்மரத்தின் சாதாரண எண்ணெய் அன்று. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் ஆகாது.

மறுமொழி 3: மூலிகைப் பயிர் சாகுபடியாளர்

முதல் மறுமொழியின் கணக்கு சரியே. எனினும் தாவரப் பொருள் என்றாலே ஏமாற்று என்ற எண்ணம் யாருக்கும் வந்துவிடக் கூடாது. இன்று கொசுவர்த்திச் சுருளிலும் திரவ மருந்திலும் பயன்படும் பைரெத்ராய்டு என்ற பூச்சிக்கொல்லிகள், செவ்வந்திக் குடும்பத்துப் பூவிலிருந்து கிடைத்த பைரெத்ரத்தைப் பார்த்து உருவாக்கப்பட்டவைதாம். அவற்றுக்கும் டெமிபாஸுக்கும் பல நாடுகளில் ஏடிஸ் கொசுக்கள் எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்ட நிலையில், ஓமத்திலுள்ள தைமால், கிராம்பிலுள்ள யூஜெனால் போன்ற பல பொருள்கள் ஒரே நேரத்தில் பூச்சியின் நரம்பைத் தாக்குவது ஆய்வாளர்களை ஈர்த்திருப்பதில் வியப்பில்லை. எண்ணெயை நுண்துளிகளாக்கியும் உறைகளில் அடைத்தும் மெதுவாகக் கசியவிடும் முயற்சிகள் நடைபெறுகின்றன. அவை தேறும்வரை, குடிக்காத நீரில் பரிசோதித்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதே முறை.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அந்த மருந்தை வாங்கப்போவதில்லை. அப்படியானால் சம்ப்புக்கு என்ன செய்வது? லிஃப்ட் குழியில் தேங்கும் நீருக்கும் வழி சொல்லுங்கள்.

மறுமொழி 4: பூச்சியியல் ஆய்வாளர்

சம்ப் மூடியின் விளிம்பில் இடைவெளி இருந்தால் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். காற்றுக்குழாய், வழிந்தோடும் குழாய் ஆகியவற்றின் வாயில் கொசுவலை கட்டுங்கள். மாடித் தொட்டிகளுக்கும் இதையே செய்யுங்கள். நகர்ப்புற மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலஸ் ஸ்டீபன்சி கொசு அங்கேயும் முட்டையிடும். தொட்டியைக் கழுவும்போது நீர்மட்டத்தை ஒட்டிய சுவரைப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். ஏடிஸ் முட்டைகள் அங்கே ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிர்தாங்கும். லிஃப்ட் குழியின் நீரை இறைத்துவிடுங்கள். அடிக்கடி ஊறுமானால் பி.டி.ஐ. நுண்ணுயிர் மருந்து இடலாம். புழு அதைத் தின்றால்தான் சாகும். கூட்டுப்புழு எதையும் தின்னாது. ஆகவே நீரில் கூட்டுப்புழு தென்படுவதற்கு முன்பே இட்டுவிடுங்கள்.